சொறிமீன், பவளம், கடல் சாமந்தி... கொட்டும் குடும்பத்தின் 56 கோடி ஆண்டுக் கதை!

கடற்கரை மணலில் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோல் உரித்த நுங்கு மாதிரி கொழகொழவென்று இருக்கும். "தொட்டுடாதீங்க, அரிக்கும்!" என்று பக்கத்தில் வலை உலர்த்துபவர் சத்தம் போடுவார். பவளத்தையும் பார்த்திருப்பீர்கள். பாட்டியின் மாலையிலோ, ஜோசியர் சொன்னார் என்று போட்டுக்கொண்ட மோதிரத்திலோ அது இருக்கும். மூன்றாவதாக ஒன்று. 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் அந்தக் குட்டி மீன் குடியிருக்கும் வீடு ஞாபகம் இருக்கிறதா? பூ மாதிரி விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்குமே, அந்தக் கடல் சாமந்தி!

ஒன்று ஜெல்லி, ஒன்று கல், ஒன்று பூ. பார்த்தால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால், மூன்றுமே விலங்கு வகை. அதிலும் ஒரே குடும்பத்து உறவுகள். சுமார் 11,000 இனங்கள் கொண்ட இந்தப் பெருங்குடும்பத்துக்கு அறிவியல் வைத்திருக்கும் பெயர் 'நிடேரியா'. பள்ளிக்கூடத்தில் 'குழியுடலிகள்' என்று படித்தோமே, அவர்கள்தான்.

இன்று இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை, கடல் சூடாவதால் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு கிளையோ, அணுமின் நிலையத்தையே நிறுத்தவைக்கும் அளவுக்குச் சில இடங்களில் பெருகுகிறது. ஒரே ரத்தம் என்று சொல்லலாமென்றால், இவர்களுக்கு ரத்தமே கிடையாது! சரி, ஒரே குடும்பத்தில் ஏன் இந்த வித்தியாசம்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் இவர்களின் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பெயரிலேயே அரிப்பு!

கிரேக்க மொழியில் 'க்னிடே' என்றால், தொட்டால் அரிக்கும் ஒரு செடி. நம்மூர் காஞ்சொறி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதிலிருந்து வந்ததுதான் நிடேரியா. நம் கடலோர மக்கள் கிரேக்கம் படித்தவர்கள் இல்லை. ஆனால், அவர்களும் அந்த அரிப்பைப் பார்த்துத்தான் 'சொறி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே அனுபவம்!

இந்த அரிப்புதான் குடும்பத்தின் அடையாள அட்டை. இவர்களுடைய தோலில், குறிப்பாக நீண்டு தொங்கும் உணர்விழைகளில், ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிப் பை. அதற்குள் சுருட்டி வைத்த நூல் மாதிரி ஒரு குழல். நிறைய வகைகளில் அந்தக் குழலில் விஷமும் முள்ளும் உண்டு. பைக்குள் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? காற்றழுத்தத்தைப்போல சுமார் 150 மடங்கு. இரை லேசாக உரசினால் போதும், மூடி திறந்து குழல் வெளியே பாயும்.

ஹைட்ரா என்ற சின்னஞ்சிறு உயிரியை அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். குழல் பாய எடுத்துக்கொண்ட நேரம், ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு! உயிர் உலகத்தின் மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று. இதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. அதனால்தான் கரையில் செத்துக் கிடக்கும் சொறிமீனும், உடம்பிலிருந்து அறுந்து தனியாக மிதக்கும் உணர்விழையும்கூடக் கொட்டும். 'செத்துப்போச்சே, என்ன பண்ணும்?' என்று கையில் எடுக்காதீர்கள்.

ஒரு வாசல் வீடு!

இவர்கள் உடம்பின் அமைப்பு ரொம்ப எளிமை. வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் ஜெல்லி. அவ்வளவுதான். இதயம் இல்லை, நுரையீரல் இல்லை, எலும்பு இல்லை. வயிற்றுக்கு ஒரே வாசல். சாப்பாடு உள்ளே போவதும் அதன் வழியாகத்தான், கழிவு வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். சொறிமீனின் உடம்பில் 95 சதவிகிதம் தண்ணீர். அதனால்தான் வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே ஆள் அடையாளம் தெரியாமல் வற்றிப்போகிறது.

இந்த எளிய உடம்பை வைத்துக்கொண்டு குடும்பம் இரண்டு வேஷம் போடுகிறது. முதல் வேஷம், கிண்ணம். அடி தரையில் ஒட்டியிருக்கும், வாய் மேலே பார்க்கும், சுற்றி உணர்விழைகள். இதற்கு 'பாலிப்' என்று பெயர். கடல் சாமந்தி ஒரு பெரிய பாலிப். பவளம் என்பது ஆயிரக்கணக்கான குட்டிப் பாலிப்கள் சேர்ந்து வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது வேஷம், குடை. அதே கிண்ணத்தைக் கவிழ்த்து நீரில் மிதக்க விட்டால், வாய் கீழே வரும், இழைகள் தொங்கும். இதற்கு 'மெடுசா' என்று பெயர். நாம் பார்க்கும் சொறிமீன் இதுதான்.

பவளமும் கடல் சாமந்தியும் ஆயுள் முழுக்கக் கிண்ணமாகவே இருந்துவிடுகின்றன. சொறிமீன்களில் பல, வாழ்க்கையில் இரண்டு வேஷமும் போடுகின்றன. குஞ்சு முதலில் பாறையிலோ, படகுத்துறைத் தூணிலோ ஒட்டிக்கொண்டு பாலிப்பாக வளரும். பருவம் வந்ததும் அதன் உடம்பில் குறுக்கே கோடு கோடாகப் பள்ளம் விழும். இட்லித்தட்டுகளை அடுக்கிவைத்த மாதிரி ஆகும். பிறகு மேலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கழன்று, ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சொறிமீனாக நீந்திப்போகும். ஒரு பாலிப்பிலிருந்து பல சொறிமீன்கள்! திடீரென்று ஒருநாள் கடல் முழுக்கச் சொறிமீனாக இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

குடும்பத்தில் யார் யார்?

நம் தாத்தா வீட்டுக் கல்யாண ஆல்பம் மாதிரி இதிலும் விதவிதமான ஆட்கள். பவளம், கடல் சாமந்தி, விசிறிபோல விரியும் கடல் விசிறி எல்லாம் ஒரு கிளை. குடைச் சொறிமீன்கள் இன்னொரு கிளை. பெட்டி வடிவத்தில் இருக்கும் பெட்டிச் சொறிமீன்கள் தனிக் கிளை. ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலில் இருக்கும் ஒரு பெரிய வகை கொட்டினால் சில நிமிடங்களிலேயே மனித உயிர் போகலாம்.

நம்மூர்க் குளத்து நீரிலும் இருக்கும் ஹைட்ரா நான்காவது கிளையைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் மும்பைக் கடற்கரைகளில் ஒதுங்கும் 'புளூபாட்டில்' இதே கிளைதான். பார்ப்பதற்கு நீலப் பலூன் ஒன்று மிதப்பது மாதிரி இருக்கும். உண்மையில் அது ஓர் உயிர் இல்லை, கூட்டுக் குடும்பம். மிதக்க ஒருவர், வேட்டையாட ஒருவர், செரிக்க ஒருவர், இனம் பெருக்க ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு ஒட்டியே வாழ்கிறார்கள்.

ஒட்டுண்ணியாக மாறிய உறவினரும் உண்டு. சால்மன் மீனின் சதைக்குள் வாழும் ஒரு நுண்ணிய வகையை 2020-ல் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்கத் தேவையான மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியையே அது தொலைத்துவிட்டிருந்தது. ஆக்சிஜனைச் சுவாசிக்காமலேயே ஒரு விலங்கு!

மூளை இல்லை, ஆனால் பாடம் படிக்கும்!

இவர்களுக்கு மூளை கிடையாது. உடம்பு முழுக்க வலைபோலப் பரவிய நரம்புகள் மட்டும் உண்டு. 'அப்போ சும்மா மிதக்கிற ஜடம்தானே?' என்று கேட்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பெட்டிச் சொறிமீனுக்கு 24 கண்கள். அவற்றில் சிலவற்றில் நம் கண்ணில் இருப்பதுபோல லென்ஸ்கூட இருக்கிறது. கரீபியன் பகுதியின் அலையாத்திக் காடுகளில் வாழும் விரல்நுனி அளவுள்ள ஒரு வகையை 2023-ல் சோதித்தார்கள். தொட்டிச் சுவரில் வரைந்த கோடுகளை வேர்கள் என்று சரியாக அடையாளம் காணாமல், ஆரம்பத்தில் அது முட்டிக்கொண்டது. சில நிமிடங்களிலேயே முட்டாமல் ஒதுங்கக் கற்றுக்கொண்டது. பட்டுத் திருந்துவதற்கு மூளை வேண்டியதில்லை போல!

முதுமையிலும் இவர்கள் நம்மை மிஞ்சுகிறார்கள். 1740-களில் ஆபிரகாம் ட்ரெம்ப்ளி என்ற இயற்கை ஆய்வாளர் நெதர்லாந்தில் ஹைட்ராவைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார். ஒவ்வொரு துண்டும் ஒரு முழு ஹைட்ராவாக வளர்ந்து நின்றது. மத்தியத்தரைக்கடலில் கண்டறியப்பட்ட 'டுரிடாப்சிஸ் டோர்னி' என்ற குட்டிச் சொறிமீன் அதற்கும் மேலே. அடிபட்டாலோ, பட்டினி கிடந்தாலோ அது மறுபடியும் பாலிப்பாக மாறி, வாழ்க்கையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பட்டாம்பூச்சி திரும்பவும் புழுவாவது மாதிரி. அதற்காக அதற்குச் சாவே இல்லை என்று அர்த்தமில்லை. பெரிய மீன் விழுங்கினால் கதை முடிந்தது.

டைனோசருக்கு எத்தனையோ தலைமுறை மூத்தவர்கள்

எலும்பே இல்லாத உடம்பு கல்லில் பதிவது ரொம்ப அபூர்வம். இருந்தும் சில தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பாறையில் சுமார் 56 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைபடிவம் இருந்தது. கோப்பை மாதிரி உடம்பு, அதில் உணர்விழைகள். 2022-ல் அதற்கு, இயற்கைப் படங்களால் நாம் அறிந்த டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சேர்த்து 'அரோராலுமினா அட்டன்பரோயி' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர்களில் ஒன்று அது. கனடாவின் பர்ஜஸ் பாறைகளில் 50.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நீந்திய சொறிமீனின் உருவமும் கிடைத்திருக்கிறது. டைனோசர்கள் வந்ததே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

கல் எலும்பு கட்டும் பவளங்களின் கதையில் ஒரு பெரிய சோகம் உண்டு. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமி கண்ட மிகப்பெரிய பேரழிவில் கடல் சூடாகி, ஆக்சிஜன் குறைந்தது. அதுவரை பாறை கட்டிய பழைய பவள வகைகள் அத்தனையும் அழிந்துபோயின. இன்று நாம் பார்க்கும் வகையைச் சேர்ந்த பவளங்கள் படிவங்களில் தெரிய ஆரம்பிப்பது அதற்குப் பிறகு கோடி ஆண்டு இடைவெளி விட்டுத்தான். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

அந்தப் பழைய பவளங்கள் நமக்கு ஒரு காலண்டரை விட்டுப் போயிருக்கின்றன. பவளம் தினமும் ஒரு மெல்லிய கோடு அளவுக்குச் சுண்ணாம்பு சேர்க்கும். 1963-ல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், சுமார் 38 கோடி ஆண்டுப் பழைமையான பவளங்களில் ஓராண்டு வளர்ச்சிக்குள் இருந்த கோடுகளை எண்ணினார். ஏறக்குறைய 400! ஆக, அன்று வருஷத்துக்கு 400 நாள். பூமி அப்போது இன்னும் வேகமாகச் சுழன்றது, நாளின் நீளம் குறைவாக இருந்தது என்று வானியலாளர்கள் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போனது.

செடியா, கல்லா?

பவளம் ஒரு விலங்கு என்பதை மனிதர்கள் ஒப்புக்கொள்ளவே ரொம்ப காலம் ஆனது. 1720-களில் மார்செய் நகர மருத்துவர் பெய்சொனெல், 'இது பூ இல்லை, பூச்சி போன்ற உயிர்' என்று சொன்னார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பெரிய தலையான ரெயோமூர் அதை நம்பவில்லை. 'பாவம், நல்ல மனுஷன்' என்பதுபோல, சொன்னவரின் பெயரையே வெளியில் சொல்லாமல் கருத்தை மட்டும் கழகத்தில் வைத்தார். பிறகு ட்ரெம்ப்ளியின் ஹைட்ரா வந்த பின்தான் ரெயோமூர் மனம் மாறினார்.

நகையில் போடும் சிவப்புப் பவளம் மன்னார் வளைகுடாப் பாறைகளில் கிடைப்பது இல்லை. பெயர்பெற்ற வகை மத்தியத்தரைக்கடலில் வளர்கிறது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்காது. ரோமானியர்கள் காலத்திலேயே அது கப்பலேறி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 'நம் பெண்கள் இந்திய முத்துக்கு ஆசைப்படுவதுபோல, இந்தியர்கள் நம் பவளத்துக்கு ஆசைப்படுகிறார்கள்' என்ற பொருளில் ரோம எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே குறித்துவைத்திருக்கிறார். பாட்டியின் பவள மாலைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வியாபாரம்!

வாடகைக்குக் குடியிருக்கும் பாசி

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பாறை கட்டும் பவளத்தின் உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் அவற்றுக்கு இடம் தருகிறது. பாசி வெயிலில் சமைத்து, பவளத்துக்கு வாடகையாகச் சர்க்கரை தருகிறது. சில பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவிகிதம்வரை இந்த வாடகைதான். அந்தத் தெம்பில்தான் சத்துக் குறைந்த தெளிந்த நீரிலும் அது சுண்ணாம்புக் கோட்டை கட்டுகிறது. லட்சத்தீவும் மாலத்தீவும் அப்படிக் கட்டிய கோட்டைகளின் மேல்தான் நிற்கின்றன. கடல் தரையில் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான இடத்தில் இருக்கும் பவளப்பாறைகளை, கடல் உயிரினங்களில் ஏறக்குறைய கால்வாசி ஏதோ ஒரு வகையில் நம்பியிருக்கின்றன.

வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு கெட்டுவிடும். சூட்டில் பாசி நச்சுப் பொருள்களை வெளிவிட, பவளம் அதை வெளியே துரத்துகிறது. பவளத்துக்கு நிறம் தந்தது பெரும்பாலும் பாசிதான். அது போனதும் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். இதைத்தான் 'வெளுப்பு' என்கிறார்கள். உடனே செத்துவிடாது. சீக்கிரம் சூடு தணிந்தால் பாசி திரும்ப வரும். தணியாவிட்டால் பட்டினிதான்.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடிவரை உள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போனதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அரண் போனால் அலை நேராக வந்து அடிக்கும்தானே? வெட்டுவது நின்ற பிறகு சூடு வந்தது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் வெளுப்பு நடந்தது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளுப்பு தொடங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்காகத்தான். பவளக் குடும்பம் மீண்டு வரும். ஆனால், அது எடுத்துக்கொள்ளும் காலம் மனித இனத்தின் மொத்த வரலாற்றைவிடப் பல மடங்கு அதிகம்.

சொறிமீனுக்குக் கொண்டாட்டமா?

சொறிமீன்களில் பெரும்பாலானவை இப்படி ஒரு பாசியை நம்பி இல்லை. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் பல வகைகள் சமாளிக்கும். அவற்றோடு சாப்பாட்டுக்குப் போட்டி போடும் மீன்களை நாம் அள்ளிவிட்டோம். அவற்றைச் சாப்பிடும் ஏழுவரி ஆமை போன்ற எதிரிகளையும் குறைத்துவிட்டோம். அந்த ஆமைகள், சொறிமீன் என்று நினைத்து பிளாஸ்டிக் பையை விழுங்குவது தனிக் கொடுமை. உரம் கலந்த கழிவுநீரால் நுண்ணுயிர் உணவு பெருகுகிறது. துறைமுகச் சுவரும் தூணும் பாலிப்கள் ஒட்ட இடம் தருகின்றன. எல்லாக் கடலிலும் சொறிமீன் பெருகுகிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. ஆனால், கூட்டம் கூடும் இடத்தில் பாதிப்பு நிஜம். 2013-ல் சுவீடனின் ஆஸ்கர்ஷாம் அணு உலை ஒன்றும், 2025 ஆகஸ்ட்டில் பிரான்ஸின் கிராவ்லின் உலைகள் சிலவும் குளிர்விக்கும் நீர்ப் பாதையில் சொறிமீன் அடைத்ததால் நிறுத்தப்பட்டன. நம் கல்பாக்கத்திலும் கடல்நீர் எடுக்கும் இடத்தில் சொறிமீன் கூட்டம் வந்து சிக்குவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

உணர்விழைகளுக்குப் பயந்து ஒதுக்கிய சொறிமீனில் வருமானமும் உண்டு. உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்திய சில வகைகள் நம் கிழக்குக் கடற்கரையிலிருந்து சீனா போன்ற நாடுகளுக்குச் சாப்பாட்டுக்குப் போகின்றன.

கொட்டிவிட்டால் என்ன செய்யலாம்?

* உடனே நீரிலிருந்து வெளியே வாருங்கள். தேய்க்காதீர்கள், மணல் போட்டு உரசாதீர்கள். உரசினால் வெடிக்காத செல்களும் வெடிக்கும்.
* நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சிறு இடுக்கியால் எடுங்கள். வெறும் கை வேண்டாம்.
* பிறகு, பொறுக்கும் அளவு வெந்நீரில் 20 நிமிடம்வரை அந்த இடத்தை வைத்தால் பல வகைகளில் வலி குறையும். கொதிக்கும் நீர் கூடாது.
* வினிகர் பெட்டிச் சொறிமீனுக்கு உதவும். எல்லா வகைக்கும் பொருந்தாது. சிறுநீர் வைத்தியம் சினிமாவோடு இருக்கட்டும்.
* மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாந்தி, மயக்கம் வந்தாலோ, முகத்தில் கொட்டியிருந்தாலோ, கொட்டியது குழந்தையை என்றாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் கடற்கரைக்குப் போனால்...

பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது, சட்டத்தின் கண்ணில் புலிக்குக் கொடுக்கும் அதே பாதுகாப்பு. 'மீன்தொட்டியில் வைக்க அழகா இருக்கும் சார்' என்று யாராவது வெள்ளைப் பவளத்துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். கரையில் ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் பையில் போடாதீர்கள். கண்ணாடி அடித்தளப் படகில் போனால், பாறைக்கு மேலே நங்கூரம் போடச் சொல்லாதீர்கள். ஆழம் குறைந்த இடத்தில் இறங்கினால் பாறை மேல் நிற்காதீர்கள். நீங்கள் மிதிப்பது கல் இல்லை, ஆயிரம் வாய்கள் திறந்திருக்கும் ஒரு வீட்டின் கூரை. கொண்டுபோன பிளாஸ்டிக் பையை மறக்காமல் திருப்பி எடுத்து வாருங்கள். கடலில் அதைச் சொறிமீன் என்று நம்பி விழுங்க ஓர் ஆமை காத்திருக்கிறது.